மார்க் உண்டு, சீட் உண்டா?

1950இல் சென்னை மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு இருந்தன. நான்கிலும் சேர்த்து 330 இடங்கள். பொறியியல் கல்லூரிகளும் நான்கு. அவற்றில் 395 இடங்கள். ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார், தென் கன்னடம் என்று பரந்து கிடந்த மாநிலம் முழுமைக்கும் இவ்வளவுதான். இந்த இடங்களைப் பதினான்கு பதினான்காகக் கட்டிப் பங்கு வைத்தது வகுப்புவாரி அரசாணை. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த முறை அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று செண்பகம் துரைராஜன் என்பவரும், சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவரும் வழக்குப் போட்டார்கள். சீனிவாசன் இன்டர்மீடியட் தேர்வின் விருப்பப் பாடங்களில் 450க்கு 369 வாங்கியவர். பொறியியல் படிக்க விரும்பினார். 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் அரசாணை செல்லாது என்று சொல்லிவிட்டன.

தோற்றது சென்னை அரசு. அந்த அரசின் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரர், பூ.ச. குமாரசுவாமி ராஜா.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததுமே பெரியார் கிளர்ச்சியில் இறங்கினார். 1950 ஆகஸ்ட் 14 வகுப்புரிமை நாளாக மாநிலமெங்கும் கடைப்பிடிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரண்டே மாதத்தில், 1951 ஜூன் 18 அன்று, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கல்வியில் பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை தரும் 15(4) பிரிவு அப்படிப் பிறந்ததுதான். அதையொட்டிச் சென்னை அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீதம், தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம் என்று புதிதாக ஒதுக்கியது. குமாரசுவாமி ராஜா 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலேயே தோற்றார். பிறகு ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். ராஜபாளையத்தில் தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். இந்தியாவில் கல்லூரிச் சேர்க்கை பற்றிய முதல் பெரிய சட்டப் போராட்டம் இந்த ஊர்க்காரர் ஆட்சியில்தான் நடந்தது என்பது உள்ளூரிலேயே பலருக்கு நினைவில்லை. நினைவில் இருக்க வேண்டிய செய்தி அது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைக்குமா என்ற கேள்விக்கு, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மூன்று தலைமுறையாக விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பிள்ளைகள் ஒரே மாதிரிதான் படித்தார்கள். அளக்கும் படியைத்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறெங்கோ இருந்துகொண்டு மாற்றினார்கள்.

இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ஊர், தாலுகா தலைமையிடம். ராஜபாளையம் பருத்தியும் நூற்பாலையும் வளர்த்த ஊர்; பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை இரண்டும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. திருநெல்வேலி கலெக்டராக இருந்த பெனிங்டன் பெயரில் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய நூலகம் இன்றும் இயங்குகிறது. ரயில் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஊருக்குப் பொது நூலகம் வந்துவிட்டது.

ஆனால் கல்லூரி இல்லை. 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறந்தபோதும் இல்லை. பள்ளி இறுதி வகுப்பை முடித்த பையன் மேலே படிக்க வேண்டுமென்றால் வடக்கே மதுரைக்குப் போக வேண்டும், அமெரிக்கன் கல்லூரியோ மதுரைக் கல்லூரியோ. தெற்கே போனால் பாளையங்கோட்டையில் செயின்ட் ஜான்ஸ், செயின்ட் சேவியர்ஸ். பெண்பிள்ளை என்றால் பாளையங்கோட்டை சாரா டக்கர், 1948க்குப் பிறகு மதுரை லேடி டோக். விடுதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தாங்குகிற வீடுகள்தான் அனுப்பின. எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்ற கேள்விக்கு முன்னால், எந்த ஊரில் தங்க வைப்பது என்ற கேள்வி வந்து நின்றது. அந்தக் கேள்வியிலேயே பாதிப் பிள்ளைகளின் படிப்பு முடிந்துபோனது.

பள்ளிக்கூடங்களின் கதை வேறு. கரிசலும் வானம் பார்த்த பூமியுமான இந்த வட்டாரத்தில், அரசு கொடுக்கட்டும் என்று காத்திருக்காமல் ஊர்களே பள்ளி நடத்தின. விருதுநகரில் நாடார் உறவின்முறை 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். கடைகளில் மகமை பிரித்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. ராஜபாளையத்தில் பஞ்சாலை வைத்த குடும்பங்கள் பள்ளி வைத்தன. 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா பெயரில் இன்று பாலிடெக்னிக் இருக்கிறது. அன்னப்பராஜா நினைவு மேல்நிலைப் பள்ளி, தர்மராஜா பெண்கள் மேல்நிலைப் பள்ளி என்று ஊரின் பெரிய பள்ளிகள் பலவும் தனி மனிதர்களின் பெயரைத் தாங்கியே நிற்கின்றன.

இவை எல்லாமே தனியார் பள்ளிகள். நிர்வாகம் ஒரு குடும்பத்திடமோ சமூகத்திடமோ அறக்கட்டளையிடமோ இருக்கும். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். அரசு உதவி பெறும் பள்ளி என்கிறோம். காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தபோது இந்தப் பள்ளிகளுக்கும் வந்தது. 1960களில் பள்ளி இறுதிவரை கட்டணமில்லாக் கல்வி வந்தபோது இங்கேயும் வந்தது. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் தீப்பெட்டி ஒட்டும் வீட்டுப் பிள்ளையும் படித்தது பெரும்பாலும் இங்கேதான். 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இவற்றைத் தனியார் பள்ளி என்றே வகைப்படுத்தியது. அந்த வகைப்பாடு அரை நூற்றாண்டு கழித்து இந்தப் பிள்ளைகளின் மருத்துவக் கனவில் குறுக்கே வந்து நின்றது. அதற்குப் பிறகு வருவோம்.

1950களிலும் 60களிலும் மருத்துவப் படிப்பு கொஞ்சம் பக்கத்தில் வந்தது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி, 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. 1957இல் மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி. கல்லூரி பக்கத்தில் வந்ததே தவிர, இடம் பக்கத்தில் வந்துவிட்டதா என்பது வேறு விஷயம். எம்.பி.பி.எஸ். இடங்களை அரசு அப்போது மாவட்டவாரியாக, மக்கள்தொகை விகிதப்படி பிரித்துக் கொடுத்தது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு என்று ஒரு பங்கு. அந்தப் பங்குக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர் பரமக்குடி மாணவரோடும் காரைக்குடி மாணவரோடும் போட்டியிட்டார். சென்னை மாணவரோடு போட்டியிட வேண்டியதில்லை.

1968 ஜனவரியில் ராஜேந்திரன் என்ற மாணவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மாவட்டப் பங்கீட்டை ரத்து செய்தது. பங்கீடு இல்லாவிட்டால் சென்னை நகரத்து மாணவர்களே பெரும்பாலான இடங்களை எடுத்துக்கொள்வார்கள் என்று அரசு வாதாடிப் பார்த்தது. சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதே சேர்க்கையின் நோக்கம். ஒரு மாவட்டத்தில் கூடுதல் மதிப்பெண் வாங்கியவர் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் உள்ளே போவது சமத்துவம் ஆகாது என்றது நீதிமன்றம். சட்டப்படி அந்த வாதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அரசு சொன்ன அச்சமும் பொய்யில்லை. ஆய்வுக்கூடமும் அனுபவமுள்ள ஆசிரியரும் டியூஷனும் இருக்கிற நகரத்தில் எடுத்த மார்க்கையும், விளக்கு வெளிச்சத்தில் எடுத்த மார்க்கையும் ஒரே தட்டில் வைப்பதா என்ற கேள்வி அன்றும் விடையில்லாமல் நின்றது. இன்றும் நிற்கிறது.

அரசு விடவில்லை. சென்னைக் கல்லூரிகளை ஒரு யூனிட், வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஒரு யூனிட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் குழு வைத்தது. மதிப்பெண்ணுக்கு 200, நேர்முகத் தேர்வுக்கு 75, ஆக 275. பெரியகருப்பன் வழக்கில் 1970 செப்டம்பரில் அந்த யூனிட் முறையும் விழுந்தது. நேர்முகத் தேர்வில் விளையாட்டு, சேவை, உடல் தகுதி, பொதுத் திறன் என்று தலைப்புவாரியாகப் போட வேண்டிய மார்க்கைக் குழுக்கள் மொத்தமாகப் போட்டிருந்ததை நீதிமன்றம் கண்டித்தது.

அந்த 75 மார்க்கின் எடையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பாடத்தில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்கு ஆண்டு முழுக்கக் கண்விழித்த பிள்ளை, சில நிமிடப் பேச்சில் அதைப் போலப் பல மடங்கை இழக்கவோ பெறவோ முடியும். வீட்டில் ஆங்கிலம் புழங்குகிற பிள்ளைக்கும், குழுவில் இருப்பவரைத் தெரிந்த அப்பாவுக்கும் அது வசதி. இது நம் ஊருக்கு மட்டுமான கோளாறும் இல்லை. 1920களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் தேர்வு மதிப்பெண்ணால் பெருகியபோது, அதன் தலைவர் லோவெல் காலத்தில் குணநலன், ஆளுமை, புகைப்படம், பரிந்துரை என்று புதிய அளவுகோல்கள் விண்ணப்பத்துக்குள் வந்தன. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எங்கே நடந்தாலும், யாரைப் பார்த்துப் பழகிய கண்களோ அவர்களையே அது தேர்ந்தெடுக்கிறது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் மதிப்பெண் மீது இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு இந்த நேர்முகத் தேர்வுகளின் அனுபவமும் ஒரு காரணம். மார்க் ஷீட் யாருடைய அப்பா யார் என்று கேட்பதில்லை.

இதற்கு நடுவே 1973இல் ராஜபாளையத்துக்கு ராஜுக்கள் கல்லூரி வந்தது. அப்போது பள்ளி இறுதிக்குப் பிறகு பி.யூ.சி. என்ற ஓராண்டுப் படிப்பு கல்லூரியில்தான். தமிழில் படித்து வந்த பதினாறு வயதுப் பிள்ளை, ஒரே ஆண்டில் ஆங்கிலப் பாடத்தையும் விடுதி வாழ்க்கையையும் பழகிக்கொண்டு, அந்த ஆண்டின் மதிப்பெண்ணிலேயே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போட்டியிட வேண்டும். பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர் பி.யூ.சி.யில் சறுக்கிய கதை அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு ஒன்று உண்டு.

அதனால்தான் 1978இல் வந்த பிளஸ் டூ, இந்த இரு ஊர்களின் கல்வி வரலாற்றில் மருத்துவக் கல்லூரி திறந்ததை விடவும் பெரிய நிகழ்ச்சி. உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாயின. பிள்ளை வீட்டிலேயே சாப்பிட்டு, தெரிந்த ஆசிரியரிடம், தமிழ் வழியிலேயே இயற்பியலும் வேதியியலும் படித்து, மாநிலம் முழுதும் ஒரே வினாத்தாளை எழுதலாம். 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு நடந்தது. மதிப்பெண்ணுக்கு முன்னால் ஊர் தடையாக நிற்காத காலம் அதில் தொடங்கியது. அதே ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31லிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. 1989இல் அதில் 20 சதவீதம் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாகப் பிரிந்தது. மொத்த ஒதுக்கீடு 69 சதவீதமாகி, 1994இல் ஒன்பதாவது அட்டவணையின் பாதுகாப்புக்குள் போனது.

1984 இன்னொரு திருப்பம். அந்த ஆண்டு இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு கதவு திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் சுதந்திரப் போராட்ட வீரர் தி. கலசலிங்கம் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். 2006இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும் அதே 1984. பின்னர் 2013இல் ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி. ஒரு காலத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியைத் தவிர வேறு பெயர் தெரியாத வட்டாரத்தில், டவுன் பஸ்ஸில் போய் இன்ஜினீயரிங் படிக்கலாம் என்றானது. இடங்கள் பெருகியதும் பொறியியல் எட்டுகிற படிப்பாயிற்று. மருத்துவத்தில் இடங்கள் அப்படிப் பெருகவில்லை. ஆகவே போட்டி முழுவதும் அங்கே போய்க் குவிந்தது.

1985 மார்ச் 15 அன்று ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து இன்றைய விருதுநகர் மாவட்டம் பிறந்தது. காமராஜர் மாவட்டம் என்பது அன்றைய பெயர். அதற்குப் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு, தேர்வு முடிவு வருகிற நாளில் தேர்ச்சி விகிதத்தில் முதல் மாவட்டம் எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இடையில் சறுக்கிய ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எழுந்து, 2018இல் 97.05 சதவீதம், 2023இல் 97.85 சதவீதம் எனப் பிளஸ் டூவில் முதலிடத்துக்கு வந்தது. இதற்குப் பின்னால் இருப்பது மந்திரம் இல்லை, ஆசிரியர்களின் உடலுழைப்பு. காலையில் மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்பெஷல் கிளாஸ். மாலையில் ஸ்லிப் டெஸ்ட். புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பது. பின்தங்கிய மாணவர்களை ஆளுக்குச் சிலராக ஆசிரியர்கள் பொறுப்பேற்பது. வராத பிள்ளையை வீட்டுக்கே போய் அழைத்து வருவது. மழையை நம்ப முடியாத ஊரில், பட்டாசும் தீப்பெட்டியும் நூற்பாலையும் தவிர வேறு வேலை இல்லாத வட்டாரத்தில், படிப்பு ஒன்றுதான் வெளியேறும் வழி என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே போல நம்பினார்கள்.

ஆனால் தேர்ச்சி விகிதம் என்பது 35 மார்க்கில் நடக்கிற போராட்டம். சீட் என்பது உச்சியில், கால் மார்க்கில் நடக்கிற போராட்டம். இரண்டையும் ஒன்றென்று நம் மாவட்டம் வெகுநாள் நினைத்துவிட்டது.

கட் ஆஃப் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 1200 மார்க் காலத்தில் ஒவ்வொரு பாடமும் 200க்கு. பொறியியல் கட் ஆஃபுக்குக் கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் சுருக்குவார்கள். கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபில் 0.5 போகும், இயற்பியலில் ஒரு மார்க் போனால் 0.25. மருத்துவத்துக்குக் கணிதத்தின் இடத்தில் உயிரியல். அந்தக் கால் மார்க்கில் நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் முன்னே பின்னே போவார்கள். சமமாக வந்தால் கணித மார்க், பிறகு இயற்பியல், நான்காவது பாடம், பிறந்த தேதி, கடைசியில் குலுக்கலைப் போன்ற ரேண்டம் எண். பிள்ளை எவ்வளவு உழைத்தாலும் வரிசையின் உச்சியில் பிறந்த தேதி தீர்ப்புச் சொல்லும் நிலை வந்தது.

இந்தக் கால் மார்க்குக்காகவே ஒரு தொழில் வளர்ந்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் நடத்தின. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்ற ப்ளூ பிரிண்ட்டை மனப்பாடமாக்கி, சென்டம் வாங்க வைத்தன. பிராய்லர் பள்ளி என்று மக்களே பெயர் வைத்தார்கள். விருதுநகர் மாவட்டத்திலிருந்தும் நன்றாகப் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் அங்கே கொண்டுபோய் விட்டார்கள், கடன் வாங்கியாவது. உள்ளூர்ப் பள்ளியில் மொத்த வகுப்பையும் கரையேற்றிய ஆசிரியரின் முதல் வரிசை மாணவர்கள் இப்படிக் கிளம்பிப் போனார்கள். மெட்ரிக் பள்ளிகளும் உள்ளூரில் பெருகின. 2017இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வை அறிவித்ததும், முதல் மூன்று இடம் என்று தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியதும் இந்தப் போக்கைத் தடுக்கத்தான். தரவரிசையை நிறுத்தியது நல்ல முடிவு. பிளஸ் ஒன் பொதுத் தேர்வும் நல்ல முடிவே. அந்தப் பிளஸ் ஒன் தேர்வை அரசு பின்னர் கைவிட்டிருப்பது பழைய பழக்கத்துக்கு மறுபடியும் இடம் கொடுக்கும்.

நுழைவுத் தேர்வுக் காலத்தில் கணக்கு 300: பிளஸ் டூவிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100. பொதுத் தேர்வு முடிந்த மறுவாரமே மதுரைக்கோ சென்னைக்கோ பிள்ளைகள் பயிற்சிக்குக் கிளம்புவார்கள். போக முடியாதவர்கள் அஞ்சல் வழிப் பாடங்களை வாங்கிப் படித்தார்கள். பிறகு கவுன்சிலிங். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ராத்திரி பஸ்ஸோ ரயிலோ ஏறிப் போய், கிண்டியில் குளித்து உடைமாற்ற இடம் தேடி, திரையில் ஓடும் காலியிடப் பட்டியலைப் பார்த்து, சில நிமிடங்களுக்குள் ஒரு பிள்ளையின் நாலு வருடத்தைத் தீர்மானிக்க வேண்டும். 2018இல் கவுன்சிலிங் இணையத்துக்கு மாறியபோது அந்த ராத்திரிப் பயணம் நின்றது. தென்கோடி மாவட்டங்களுக்கு அது சிறிய உதவி இல்லை.

நுழைவுத் தேர்வை ஒழிக்க 2005இலும் 2006 தொடக்கத்திலும் ஜெயலலிதா அரசு முயன்றது. உயர் நீதிமன்றம் தடுத்தது. பின்னர் மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி கருணாநிதி அரசு 2006இல் சட்டம் இயற்ற, 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குப் பிளஸ் டூ மார்க் மட்டுமே. மார்க் எடுக்கத் தெரிந்த மாவட்டத்துக்கு இது சாதகமான காலம். கரும்பலகையில் நடத்தியதும், காலை வகுப்பில் எழுதிப் பார்த்ததும் நேராக இடமாக மாறின.

2017இல் மருத்துவத்துக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் வந்தது. மாநில பாடத்திட்ட மாணவர்களுக்கு 85 சதவீத இடங்களை ஒதுக்கிய அரசாணையை ஜூலையில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிளஸ் டூவில் 1176 மார்க்கும் 196.75 கட் ஆஃபும் வாங்கிய அரியலூர் மாவட்டத்து அனிதா செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். கால் மார்க்கை ஒரு வருடம் முழுக்கத் துரத்தச் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த மார்க்குக்கே மதிப்பில்லை என்று ஒரு பிள்ளையிடம் சொன்ன அரசுகளை, மத்தியில் இருந்ததையும் மாநிலத்தில் இருந்ததையும், வரலாறு மன்னிக்கக் கூடாது.

நீட் கொண்டுவந்த மாற்றத்தை ஓர் எண் போதுமான அளவு சொல்லும். நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்து மறுபடி முயன்றவர்கள் 2016–17இல் 12.47 சதவீதம், 2020–21இல் 71.42 சதவீதம். ஊர்வழக்கில் ரிப்பீட்டர். ஒரு வருடம், இரண்டு வருடம் வேலைக்கும் போகாமல் கல்லூரிக்கும் போகாமல் பயிற்சி மையத்தில் உட்கார வைக்க எந்த வீட்டால் முடியும்? மில் ஷிப்ட்டில் ஓடுகிற வீட்டாலா? உள்ளூரில் கல்லூரி இல்லாத காலத்தில் மதுரை விடுதிச் செலவில் நின்றுபோன படிப்பு, இப்போது பயிற்சி மையச் செலவில் நிற்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் நீதியரசர் கலையரசன் குழு அமைந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 அக்டோபர் இறுதியில் சட்டமானது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாகச் சுமார் நானூறு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழி திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த எண்ணிக்கை அது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. அதில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்றது. தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட மிக நியாயமான சட்டங்களில் ஒன்று அது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும்தான் அந்தச் சட்டத்தின் குறை துலக்கமாகத் தெரியும். அரசு, மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலத் துறை, கள்ளர் சீரமைப்புத் துறை, வனத் துறை நடத்தும் பள்ளிகளில் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை படித்தவர்களுக்கு உரிமை உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டுவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவருக்கு இல்லை. ஒரே தெருவில் இரண்டு மில் தொழிலாளி வீடுகள். ஒரு வீட்டுப் பெண் அரசுப் பள்ளி, இன்னொரு வீட்டுப் பெண், அது பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே, உதவி பெறும் பள்ளி. இருவரும் கட்டணம் கட்டவில்லை. இருவரும் அதே சத்துணவைச் சாப்பிட்டார்கள். நீட்டில் ஒரே மதிப்பெண் வாங்கினால் ஒருத்தி டாக்டர், மற்றவள் தனியார் பள்ளி மாணவி. அவள் சென்னையிலும் கோவையிலும் லட்சக்கணக்கில் பயிற்சிக்குக் கொட்டிய மாணவர்களோடு அதே வரிசையில் நிற்க வேண்டும்.

உதவி பெறும் பள்ளிகளைச் சேர்த்தால் ஒதுக்கீட்டின் பயன் நீர்த்துப்போகும் என்பது எதிர்வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சில உதவி பெறும் பள்ளிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஆங்கில வழிப் பிரிவுகளில் கட்டணமும் உண்டு. ஆனால் அதைப் பிரித்தெடுக்க அரசுக்குத் தெரியும். அரசுப் பள்ளி மாணவிகளுக்காக 2022இல் வந்த புதுமைப் பெண் உதவித்தொகை, 2024 இறுதியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிந்தது. காலை உணவுத் திட்டம் 2024இல் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025இல் நகர்ப்புறத்துக்கும் போனது. காலை உணவிலும் மாதம் ஆயிரம் ரூபாயிலும் இந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக ஏற்ற அரசு, மருத்துவ இடத்தில் மட்டும் தனியார் பிள்ளைகள் என்கிறது.

இடங்கள் பெருகாமல் இல்லை. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது, ஆண்டுக்கு 150 இடங்களோடு. 1950இல் சென்னை மாநிலம் முழுமைக்கும் இருந்த 330 இடங்களில் ஏறத்தாழப் பாதி இன்று இந்த ஒரு மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகள் 36. இடங்கள் ஐயாயிரத்தை ஒட்டி. எழுபது ஆண்டில் இது பெரிய தூரம். அந்த இடங்களுக்குப் போகும் வழிதான் இன்னும் பணத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

7.5 சதவீதத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கிலிருந்து ஓர் இடத்தையும் எடுக்க வேண்டியதில்லை. உதவி பெறும் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் தமிழ் வழியில், கட்டணமின்றிப் படித்தவர்களுக்கென்று ஒரு சிறிய தனிப் பங்கை அரசு சட்டமாக்க வேண்டும். பிடி அரிசி கொடுத்தும் ஆலை லாபத்தைக் கொடுத்தும் பள்ளி கட்டிய ஊர்களின் பிள்ளைகள் அதற்காகவே பின்தள்ளப்படக் கூடாது. இந்தத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், சட்டமன்றத்தில் இதைக் கேட்க வேண்டும். பெற்றோர் அவர்களிடம் கேட்க வேண்டும்.